நத்தைக்குப் பத்து விநாடி

கொழுந்தன் திட்டுவது அவளுக்கு இரண்டு தடவை கேட்கும். முதலில் சுவர் வழியாக, அரை விநாடி கழித்து ஹெட்போன் வழியாக. ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒரே கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடுகிறவர்களுக்குத்தான் இந்தக் கொடுப்பினை. ஒரு தடவை கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய வசவுகள் அவை.

ஐந்து பேர் அணி. கொழுந்தன்தான் கேப்டன். டாக்ஸி ஓட்டுகிறவர் டாக்ஸி. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறவர் வாத்தியார். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், அதனால் எக்ஸ்ரே. ஐந்தாவதாகச் சேர்ந்தவர் தனக்கு மின்னல் என்று பெயர் வைத்துக்கொண்டுதான் வந்தார். அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கேப்டன் அவருக்கு நத்தை என்று பெயர் வைத்தான், அதுவே நிலைத்துவிட்டது.

விஷயம் இதுதான். விளையாட்டில் கூட்டாளி அடிபட்டு விழுந்தால் இன்னொருவர் பக்கத்தில் போய் நின்று, ஒரு பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால் விழுந்தவர் எழுந்துவிடுவார். நத்தைக்கு ஆறாவது, ஏழாவது விநாடியில் விரல் நழுவிவிடும். விழுந்தவர் போய்ச் சேர்வார். உடனே கேப்டன் ஆரம்பிப்பான். நத்தையின் அம்மா, அவர் வளர்ந்த விதம், அவர் உயிரோடு இருப்பதன் அவசியம் என்று ஒன்றையும் விட்டுவைக்க மாட்டான்.

அந்த நேரத்தில் திரையின் ஓரத்தில் ஒன்று நடக்கும். ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குட்டி மைக் படம் உண்டு. கேப்டன் குரல் உயர்ந்ததும் டாக்ஸியின் மைக்மேல் சிவப்புக் கோடு விழும். அடுத்து வாத்தியாருடையது. அடுத்து அவளுடையது. யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. மழை வந்தால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவது போலத்தான். ஓய்ந்ததும் கோடுகள் மறையும், அடுத்த ரவுண்டு போகலாமா என்று வாத்தியார் கேட்பார். அவள் இதை ஒரு நாகரிகம் என்றே நினைத்திருந்தாள்.

அவளுக்கு வீட்டு நிலைமையும் அப்படி. கொழுந்தனுக்கு வேலை போய் ஒன்பது மாதம். நடுவில் இரண்டு மாதம் படுக்கையை விட்டே எழவில்லை. இந்த அணிதான் அவனை எழுப்பி உட்கார வைத்தது. அவன் அறையிலிருந்து முதல் தடவை சிரிப்புச் சத்தம் வந்த அன்று அத்தை அழுதுவிட்டார். “நீயும் கூடச் சேந்து ஆடிக் கொஞ்சம் பாத்துக்கம்மா” என்று அவளை அனுப்பியதே அவர்தான். நாற்பது வயதில் துப்பாக்கி பிடிக்கப் போனவள், நன்றாகவே சுடக் கற்றுக்கொண்டாள். ஒருமுறை அவள் கணவன், இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி என்று தம்பியிடம் கேட்டுவிட்டான். மூன்று நாள் கதவு திறக்கவில்லை. வாசலில் வைத்த சாப்பாட்டுத் தட்டு வைத்தபடியே இருந்தது. அதிலிருந்து வீடே பூனை நடை நடந்தது.

நத்தையிடம் தனியாகப் பேச ஆரம்பித்தது அவள்தான். தொழில் புத்தி. எந்த விரல் நழுவுகிறது என்று செய்தி அனுப்பிக் கேட்டாள். ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரத்தில் வலது கை மாட்டிக்கொண்டதாம். இரண்டு விரலில் ஆபரேஷன், முழுசாக மடங்கவில்லை. அழுத்திப் பிடிக்கிற மாதிரி ஏதாவது தினமும் செய்யுங்கள், விளையாட்டாக இருந்தால் இன்னும் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். யாரிடமும் சொல்லிவிட வேண்டாம், பரிதாபப்பட்டுச் சேர்த்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று கேட்டுக்கொண்டார். அவளும் வாக்குக் கொடுத்தாள். பயிற்சியைப் பாதியில் விட்டவர்களின் கைகளை அவள் எக்ஸ்ரே மேசைமேல் பார்த்திருக்கிறாள். கட்டைபோல இறுகிவிடும், பிறகு எந்தக் கொம்பனாலும் மடக்க முடியாது.

சனிக்கிழமை மத்தியானம் செய்தி வந்தது. “நாளைக்கு மேட்சோட நிறுத்திக்கிறேன் அக்கா. விரல் பயிற்சியும் போதும். வர்றது வரட்டும்.”

அவள் பதறிப்போய், கேப்டன் பேசுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அடித்தாள்.

“அவர் நேரா திட்டறார், அதைத் தாங்கிக்குவேன். நீங்க மூணு பேரும் மைக்கை அணைச்சுட்டுச் சிரிக்கறீங்களே, அதுதான் தாங்க முடியல.”

மூன்று தடவை படித்தாள். “நாங்க சிரிக்கல” என்று அனுப்பினாள். அவருடைய விரல்களுக்கு வேண்டிய நேரம் கழித்துப் பதில் வந்தது.

“அப்ப என்ன பண்ணீங்க?”

போனைக் கவிழ்த்து வைத்தாள். எடுத்தாள். திரும்பவும் கவிழ்த்து வைத்தாள். வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலை டியூட்டி. மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க என்று சொல்லிப் படம் எடுத்தவள், விடுங்க என்று சொல்ல மறந்துபோனாள். முகம் சிவந்துபோன பெரியவர் ஒருவர், “இன்னும் எவ்வளவு நேரம்மா பிடிக்கணும்?” என்று கேட்டபோதுதான் நினைவு வந்தது. பத்து தடவை மன்னிப்புக் கேட்டாள். மேட்ச் நாலு மணிக்கு.

முதல் ரவுண்டு நன்றாகவே போனது. கடைசி ரவுண்டில் டாக்ஸி விழுந்தார். பக்கத்தில் இருந்தது நத்தைதான். போனார், நின்றார், பிடித்தார். ஏழில் நழுவியது.

சுவர் முதலில் அதிர்ந்தது, பிறகு ஹெட்போன். டாக்ஸிக்குச் சிவப்புக் கோடு. வாத்தியாருக்குச் சிவப்புக் கோடு. அவள் விரலும் பழக்கத்தில் பொத்தான்மேல் போய் உட்கார்ந்தது. சாத்திய கதவு கண்முன் வந்தது, ஆறிப்போன தட்டு வந்தது, அத்தையின் முகம் வந்தது. திரையில் நத்தை நகராமல் நின்றார். இன்னும் ஒரு நிமிடம் போனால் அவர் வெளியேறி அந்தப் பெயர் மங்கிவிடும், அத்தோடு அந்தக் கையும்.

விரலை எடுத்தாள்.

“கேப்டன், போதும்.” குரல் கீச்சென்று வந்தது. அவன் காதில் ஏறவில்லை.

“தம்பி,” என்றாள். விளையாட்டில் அவனை அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. “நிறுத்து. அவரை இனிமே இப்படிப் பேசாத.”

சுவர் அடங்கியது. அரை விநாடி கழித்து ஹெட்போனும் அடங்கியது.

பக்கத்து அறையில் நாற்காலி இழுபட்டது. கதவு, காலடி. அவள் அறை வாசலில் வந்து நின்றான். பின்னால் கூடத்தில் அத்தை எழுந்து நிற்பது தெரிந்தது. அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. வழி தவறியவன் முகமாக இருந்தது அது.

“ரெண்டு மாசமா யாருமே ஒண்ணும் சொல்லலியே அண்ணி. எல்லாருக்கும் சரின்னுதான் நினைச்சேன்.”

“அவரு நாங்க சிரிக்கிறோம்னு நினைச்சிருக்காரு.”

அவன் கீழே பார்த்தான். “அவன் ஏன் அவ்வளவு மெதுவா இருக்கான்? அதையாவது சொல்லுங்க.”

காரணம் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும். விழுங்கினாள்.

“காரணம் தெரிஞ்சாத்தான் திட்டாம இருப்பியா?”

அவன் திரும்பிப் போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போட்டானா என்று தெரியவில்லை. அத்தை அவளைப் பார்த்த பார்வையை அவள் பார்க்காததுபோல் திரையைப் பார்த்தாள். இதற்குள் யாரோ அவளைச் சுட்டிருந்தார்கள். தரையில் கிடந்தாள். வாத்தியார் எங்கோ தூரத்தில் இருந்தார். நத்தை மட்டும் சுவரோரமாக வந்துகொண்டிருந்தார்.

“அசையாதீங்க அக்கா,” என்றார். “பிடிக்கிறேன்.”

ஒன்று, இரண்டு. நான்கு. டாக்ஸியின் சிவப்புக் கோடு போனது. “விடாதீங்கண்ணே,” என்றார் அவர். ஆறு. வாத்தியாரின் கோடும் போனது. ஏழு. எட்டு. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதில் நழுவியது.

திரை இருண்டது. கொஞ்ச நேரத்தில் மேட்சிலும் தோற்றார்கள். யாரும் மைக்கை அணைக்கவில்லை. நத்தை மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. அவள் சுவரையே பார்த்தாள்.

“ஒன்பது வரைக்கும் வந்துச்சு,” என்றது சுவர், கரகரத்த குரலில். அரை விநாடி கழித்து ஹெட்போனும் அதையே சொன்னது.

“நாளைக்கு எத்தனை மணிக்கு?” என்று நத்தை கேட்டார்.