அந்தப் பையன் ஏன் அழவில்லை

அவர் வாடகை நாற்காலிகளை முன்னறையில் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கவாசல் மணி அடித்தது. மனைவியின் மனநல ஆலோசனை அறைக்கு வருகிற பிள்ளைகள்தான் அந்த வழியாக வருவார்கள். அவர் போய்த் திறந்தார். பள்ளிச் சீருடையில் ஒரு பெண், கையில் நாவலோடு நின்றாள். பாவம், அவளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

"மேடம் இன்னைக்குக் காலையில இறந்துட்டாங்கம்மா."

அவள் உள்ளே வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். கால் கெஞ்சியது. எத்தனை மாதமாக மனைவியைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, ஊட்டி! காலையில் அவள் மூச்சு நின்றதும் முதலில் வந்தது அழுகை அல்ல, 'அப்பாடா' தான். வருகிறவர்கள் எல்லாம் "தாங்கு தாங்குன்னு தாங்குனீங்களே" என்று கையைப் பிடிக்கும்போது அவருக்குக் கூசியது.

படுக்கையில் விழுந்த பிறகும் மனைவி பிள்ளைகளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. எந்தப் பிள்ளையிடமும் அதன் கஷ்டத்தைக் கேட்டதில்லை. வளர்ந்து ஆளாகிற பிள்ளைகளைப் பற்றிய நாவலாகப் பார்த்துக் கொடுப்பாள். அப்புறம் பேச்செல்லாம் கதையில் வருகிறவனைப் பற்றித்தான். அவனைச் சாக்கிட்டுப் பிள்ளை தன் மனசைக் கொட்டிவிடும். "கதையளக்கிறதுக்கு ஃபீஸ் வேறயா?" என்று அவர் சீண்டுவார்.

வந்தவளைச் சும்மா அனுப்ப மனம் வரவில்லை. "உனக்கு என்னம்மா பிரச்சினை? என்கிட்ட சொல்லு."

அவள் முகம் இறுகிவிட்டது. "மேடம் அப்படிக் கேக்க மாட்டாங்க அங்கிள்."

"பின்ன எப்படி?"

அவள் நாவலைப் பிரித்தாள். "இந்தப் பையனோட அப்பா ரொம்ப நாள் படுக்கையில கெடந்து செத்துப்போறாரு. இவன் அழவே இல்ல. ஏன் அங்கிள்?"

அவர் அந்த நாவலைத் தொட்டதுகூட இல்லை.

"அலுத்துப் போயிருப்பான்."

"அப்புறம்?"

"இனிமே தூங்கலாம்னு தோணியிருக்கும். அப்பாடான்னு இருந்திருக்கும். அதைப் போய் யார்கிட்ட சொல்றது?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"அவன் கெட்டவன் இல்லைல்ல அங்கிள்?"

"இல்லம்மா. அவன் கெட்டவன் இல்ல."

முன்னறையிலிருந்து மைத்துனன் குரல் கொடுத்தான். "மாமா, ஆளுங்க வந்திருக்காங்க."

"இருப்பா, வர்றேன்" என்றவர் எழுந்திருக்கவில்லை. "அந்த எடத்தைக் கொஞ்சம் படிம்மா."

அவள் படிக்கத் தொடங்கினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.