நர்சா, வேறொருத்தியா

சிவநேசன் எதற்காகப் பெண்டாட்டி பவானியை விட்டுப் போனான் என்பதில் லத்தீபா வீட்டு முற்றத்தில் ஏழு வாரமாகச் சண்டை ஓயவில்லை. சிவநேசன் என்று ஒருவன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இலங்கை ரேடியோவில் வரும் தொடர் நாடகத்தில் அவன் ஒரு குரல், அவ்வளவுதான். ஆனாலும் பாம்பன் தெற்குவாடியில் அவனைத் திட்டாத பெண் இல்லை.

ரேடியோ லத்தீபாவின் புருஷன் அகமது கபீர் கொண்டுவந்தது. கொழும்பில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர். வருஷத்துக்கு ஒருமுறை கப்பலேறி வருவார். நாடகம் தொடங்கும் முன்னே அடுத்த வீட்டுக் குல்சும் மாமி வந்துவிடுவாள். கருவாடு காயப்போடும் ராக்கு கையைக் கழுவிக்கொண்டு ஓடிவருவாள். இரண்டு வீடு தள்ளியிருந்த, லத்தீபாவை 'லாத்தா' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடும் மலிகா தன் ஐந்து வயது மகளைத் தூங்கவைத்துவிட்டு வந்து, ரேடியோவுக்கு ரொம்பப் பக்கத்தில் உட்காருவாள்.

மலிகா கேட்பதே தனி. யார் எந்த வாரம் என்ன சொன்னார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். யாரும் கவனிக்காததெல்லாம் அவள் காதில் விழும்.

"அவன் ரெண்டு வார்த்தைக்கு ஒருக்கா மூச்சு வாங்குறான், கவனிச்சீகளா? நெஞ்சுல என்னமோ சீக்கு. பொண்டாட்டிக்குத் தெரிய வேணாம்னு ஒதுங்கிட்டான்."

"ஒதுங்குனவன் ஒரு கடுதாசி போடக் கூடாதாக்கும்?" என்பாள் ராக்கு.

"என்னன்னு எழுதுவான்? எழுதுனா அவ கெளம்பி வந்துருவாள்ல."

இதைச் சொல்லும்போது மலிகாவின் முகம் பிரகாசமாக இருக்கும். அவள் புருஷன் வாவு முகம்மதும் கொழும்பில்தான், ஒரு சாப்பாட்டுக் கடையில். கடுதாசி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போய்ப் பார்க்க விசா கிடைக்காது. யார் கேட்டாலும், "அவுகளுக்கு என்ன சங்கடமோ" என்பாள். சிவநேசனுக்காக அவள் வாதாடுவது யாருக்காக என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

லத்தீபாவுக்கு அதற்கு மேலும் ஒன்று தெரியும். அகமது கபீர் கடைசியாக வந்துபோனபோது சொன்னார். வாவு முகம்மது கொழும்பிலேயே வெள்ளவத்தையில் வீடு எடுத்து ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். ஓர் ஆண்பிள்ளையும் பிறந்துவிட்டது. "நம்ம வாயால ஒரு குடும்பம் கெடக் கூடாது" என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கப்பலேறினார். பத்து மாதமாக அதை மனசுக்குள் பூட்டிவைத்திருந்தாள்.

எட்டாவது வாரம் நாடகத்தில் ஒரு புதுக் குரல் வந்தது. சிவநேசன் இருமுகிறான். ஒரு பெண் மெதுவாகக் கேட்கிறாள்: "கொஞ்சம் கஞ்சி குடிக்கிறீங்களா?" அத்தோடு அந்த வாரம் முடிந்துவிட்டது.

"நான் சொன்னேன்ல! வேறொருத்தியச் சேத்துக்கிட்டான்" என்று ராக்கு கைதட்டினாள்.

"அது நர்சு. ஆஸ்பத்திரியில இருக்கான். பின்னால பாத்திரம் உருளுற சத்தம் கேட்டீகள்ல?" என்றாள் மலிகா.

"வீட்டுலயும் பாத்திரம் உருளும்டி" என்றாள் குல்சும் மாமி.

"இல்ல மாமி. அவன் அப்பிடிப்பட்டவன் இல்ல. மனசுல பவானியத் தவிர யாரும் இல்ல. பாத்துக்கிட்டே இருங்க, ஒருநா அவனே வந்து வாசல்ல நிப்பான்."

லத்தீபாவால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. இரக்கமா, எரிச்சலா, பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்தும் அவளுக்கே பிடிபடவில்லை.

"என்னத்த வந்து நிப்பான்? நர்சாம், நர்சு! வெள்ளவத்தையில வீடு எடுத்து ஒருத்தியோட குடும்பம் நடத்துறான். ஆம்பளப் புள்ள வேற பொறந்தாச்சு. நீ என்னடான்னா மூச்சு வாங்குறான், முக்குறான்னு..."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ராக்கு வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மலிகா மெதுவாகத் திரும்பினாள்.

"லாத்தா, நாடகத்துல எங்கனயும் புள்ள அழுற சத்தம் கேக்கலயே."

குல்சும் மாமி, "அடுத்த வாரம் தெரிஞ்சுபோகுது, விடுங்க" என்றாள். ரேடியோவில் ஏதோ பாட்டு ஓடியது. மலிகா அது முடியும்வரை அசையாமல் இருந்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. குரல் சாதாரணமாக இருந்தது.

"எத்தன நாளாத் தெரியும்?"

"பத்து மாசம். அவுக சத்தியம் வாங்கிட்டாக மலிகா. நான் என்ன செய்வேன்?"

"புள்ள பேரு?"

"ஹாஜா முகைதீன்."

"அவுக வாப்பா பேரு" என்றாள் மலிகா. "நமக்குப் பையன் பொறந்தா வைக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாக." நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். "அவுக செஞ்சது கெடக்கட்டும் லாத்தா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் வாய் ஓயாமப் பேசுனேன். நீ பக்கத்துல உக்காந்து அம்புட்டையும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

பதிலுக்குக் காத்திராமல் மலிகா போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாடகம் முடிந்தது. சிவநேசனுக்குக் காசநோய். கஞ்சி குடிக்கச் சொன்னவள் நர்சுதான். பவானி விலாசம் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேருமுன் அவன் உயிர் போய்விட்டது. குல்சும் மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ள சொன்னபடியே ஆச்சே" என்றாள் ராக்கு.

லத்தீபா ரேடியோவை நிறுத்திவிட்டு மலிகா வீட்டுக்கு ஓடினாள். ஏன் ஓடினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சொல்வதற்கு ஒரு நல்ல சேதி அகப்பட்டதுபோல் இருந்தது, அவ்வளவுதான். அங்கே மலிகாவின் வாப்பா வந்திருந்தார். மகளையும் பேத்தியையும் மறுநாள் ரயிலில் ராமநாதபுரம் கூட்டிப்போய், அங்கிருந்து பஸ்ஸில் சாயல்குடிக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. மலிகாவைத் தலாக் சொல்லி விட்டுவிடும்படி ஜமாஅத் மூலம் வாவு முகம்மதுக்குக் கடிதமும் போய்விட்டது. மலிகா பிள்ளையின் பாவாடைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னதுதான் சரி மலிகா. காசநோயாம். அது நர்சுதான். பவானி போயிச் சேர்றதுக்குள்ள மவுத்தாயிட்டான்."

மலிகாவின் கை நின்றது.

"அவ அழுதாளா?"

"குமுறிக் குமுறி அழுதா."

"குடுத்து வச்சவ" என்றாள் மலிகா. "அவன நெனச்சு அழுதுக்கிட்டாவது கெடக்கலாம். நான் எத நெனச்சு அழ, நீயே சொல்லு."

பெட்டியை மூடிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். லத்தீபா வீடு திரும்பினாள். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போக அவளுக்குத் துணிவு வரவில்லை. ரயில் பாலத்தில் ஏறும் சத்தத்தைச் சோறு வடித்துக்கொண்டே கேட்டாள்.

தலாக் கடிதம் மூன்று மாதத்தில் வந்ததாகக் குல்சும் மாமி சொன்னாள். அகமது கபீரிடமிருந்தும் கடிதம் வந்தது. வாவு முகம்மது அவர் கடைவாசலில் நின்று, நீதான் காட்டிக்கொடுத்தாய் என்று கத்திவிட்டுப் போனானாம். 'சத்தியத்துக்கு உன்னிடம் மதிப்பு இவ்வளவுதான்' என்று ஒரே வரி எழுதியிருந்தார். சுகம் விசாரிக்கவில்லை.

புது நாடகம் ஒன்று தொடங்கப்போவதாக ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ராக்குவும் குல்சும் மாமியும் வந்தார்கள்.

"பேட்டரி தீந்துபோச்சு" என்றாள் லத்தீபா.

முந்தினநாள்தான் புதிது போட்டிருந்தாள். இருவரும் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.