மறுபடியும் நிறைந்த பார்ட்டிஷன்

ஸ்டுடியோக்காரம்மா கொழுந்தனை வேலைக்குச் சேர்த்தாளே தவிர, முழுசாக நம்பியதில்லை. கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டவன் அவன். உள்ளிருக்கும் டிஸ்க்கை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்து, சின்னதைக் கம்ப்யூட்டரின் சொந்த வேலைக்கும் பெரியதைப் படங்களுக்கும் ஒதுக்கியவனும் அவனே. போன மாதம் சின்னது போதவில்லை என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்து, பெரியதில் கொஞ்சம் வெட்டி அதோடு சேர்த்தான். இப்போது அதுவும் நிரம்பிவிட்டதாம், நேற்றுக் கடை மூடும் நேரத்தில் வந்து சொன்னான். எது அடைக்கிறது என்றே தெரியவில்லையாம்.

வைத்தவனுக்குத் தெரியாதா? கொழுந்தன் ஐயா வெளியே தனியாக வீடியோ எடுக்கிறார் என்று ஏற்கெனவே அவள் காதில் விழுந்திருந்தது. ஒருநாள் எல்லாப் படங்களையும் சுருட்டிக்கொண்டு எதிரிலேயே கடை போட்டுவிட்டால்? அந்தப் பயத்தில், படங்கள் காப்பியாகும் வெளி டிஸ்க்கைக் கடை மூடும்போது கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். காலையில் அவன் வருமுன் மாட்டிவிடுவாள். இன்று அந்த ஆத்திரத்தில் மாட்டவில்லை.

வாசலில் அடையாள அட்டைப் படத்துக்கு ஆட்கள் நின்றார்கள். சின்னப் பார்ட்டிஷனில் இடமில்லாமல் பிரிண்டர் அசையவில்லை.

“இன்னைக்கு எனக்கு ஒரு முடிவு தெரியணும் தம்பி. இல்லன்னா நீ உன் வழியைப் பாத்துக்கோ.”

“அப்படி என்ன பண்ணிட்டேன் அண்ணி?”

“அதைத்தான் நானும் கேக்குறேன்.”

முகம் சுண்டிப்போய் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தவன், வெளி டிஸ்க்குக்கான ஃபோல்டரில் நின்றுவிட்டான். டிஸ்க்கே மாட்டவில்லை, ஆனால் அதற்குள் மாதக்கணக்கான படங்கள் குவிந்து கிடந்தன.

கடை மூடியபிறகு அன்றன்றைய படங்கள் தானாகக் காப்பியாகும்படி வைத்திருந்தான். டிஸ்க் இல்லாதபோது அவை அந்த ஃபோல்டரிலேயே, அதாவது சின்னப் பார்ட்டிஷனிலேயே விழுந்திருக்கின்றன. காலையில் டிஸ்க்கை மாட்டியதும், அதில் உள்ளவை மட்டும் அந்த ஃபோல்டரில் தெரியும்படி அது மேலே மூடிக்கொள்ள, அடியில் கிடந்த குவியல் யார் கண்ணிலும் படவில்லை.

“சாயங்காலம் டிஸ்க்கை யாரு கழட்டுறா அண்ணி?”

அவள் பிரிண்டரைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், பிறகு கைப்பையைத் திறந்தாள்.

“பத்திரமா இருக்கட்டுமேன்னுதான்.”

“யாருகிட்ட இருந்து?”

அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னாள்.

குவியலை டிஸ்க்குக்கு மாற்றியதும் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. அன்று கடை மூடும்போது டிஸ்க் அதன் இடத்திலேயே இருந்தது. கைப்பை லேசாக இருந்ததோ என்னவோ, வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“வேணும்னா மேஜையோட சேத்துக் கட்டிட்டு வாங்க அண்ணி,” என்றான்.

அவன் கேலியாகத்தான் சொன்னான். அவள் இழுப்பறையில் கயிறு தேடிக்கொண்டிருந்தாள்.