அழுத்திப் பிடித்தால் நிற்கும்

பிளம்பருக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் பாதியிலேயே "தெரியும், தெரியும்" என்று தலையாட்டிவிடுவார். அன்று காலை முதலாளி தன் புதுக் காரை இரவல் கொடுத்து, ஸ்டீயரிங்கில் வரிசையாக முளைத்திருந்த பொத்தான்களை விளக்கியபோதும் அப்படித்தான். "உங்க போனை வண்டியோட சேர்த்துட்டேன். கால் வந்தா இதை ஒரு தட்டு தட்டுங்க, பேசலாம். நிறுத்தணும்னா அதையே அழுத்திப்..." அதற்குள் தலை ஆடிவிட்டது. தங்கையை அவள் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். மனமெல்லாம் அதிலேயே இருந்தது.

சண்டை போட்டுக்கொண்டு வந்தவள் மாதக்கணக்கில் அண்ணன் வீட்டில் முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்தாள். பார்க்கப் பொறுக்காமல் அவர் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். வேண்டாம், வேண்டாம் என்றவன் கடைசியில் பேசாமல் இருந்தான். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, "உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லி அழுதுட்டாரும்மா" என்று ஒரே போடாகப் போட்டார். புளுகுதான். ஆனால் அவள் சிரித்துவிட்டாளே, அப்புறம் எந்த வாயால் இல்லை என்பது? நேரில் பார்த்தால் மாப்பிள்ளைக்கு மனம் இளகாமலா போய்விடும்?

பக்கத்து இருக்கையில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மேம்பாலத்தில் ஏறும்போது காருக்குள் மணி அடித்தது. திரையில் 'மாப்பிள்ளை'.

மணியின் வாயை அடைக்கத்தான் பொத்தானைத் தட்டினார். அது போனை எடுத்துவிட்டது.

"மச்சான், நேத்தே சொன்னேன்ல? அவளைக் கூட்டிட்டு வந்துடாதீங்க. நீங்க அழுதீங்களேன்னுதான் பேசாம இருந்தேன்."

மறுபடி தட்டினார். நிற்கவில்லை. பக்கத்துப் பொத்தானை அமுக்கினார். குரல் இரண்டு மடங்கானது.

"அவ இல்லாம நிம்மதியா இருக்கேன் மச்சான். சத்தியமா சொல்றேன்."

பீறிட்டு அடிக்கிற குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு அடைக்கிற மனிதர், ஒரு குரலை அடைக்க வழி தெரியாமல் ஸ்டீயரிங்கைத் தடவினார். போன் கால்சட்டைப் பையில், சீட் பெல்ட்டுக்கு அடியில். பின்னால் லாரி. நிம்மதி, நிம்மதி என்று நாலு மூலையிலிருந்தும் கேட்டது. பதில் வராததால் மாப்பிள்ளையே வைத்துவிட்டான்.

"அவர் அழுதாருன்னு சொன்னியேண்ணா?"

அவர் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்த்தார்.

"வண்டியைத் திருப்பு."

பாலம் இறங்கியும் சாலை நெடுகத் தடுப்புச் சுவர். திரும்ப ஒரே ஒரு இடைவெளிதான். அது மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு எதிரே.

"அங்கதாம்மா திரும்ப முடியும்" என்றார். பாவி, இப்போதுதான் உண்மை வருகிறது.

மாப்பிள்ளை வாசலில்தான் நின்றிருந்தான், கையில் போனோடு. தெரியாத கார் என்பதால் சும்மா பார்த்தான். பிறகு உள்ளே இருப்பவளைப் பார்த்தான். அவள் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கன்னம் நனைந்துகொண்டிருந்தது.

இறங்கிப்போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். பிடித்து என்ன கேட்பது? அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லையே. அந்த ஸ்டீயரிங்கில் பிளம்பருக்கு உறுதியாகத் தெரிந்தது ஹாரன் ஒன்றுதான். அதை அழுத்திப் பிடித்தார். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன, மாப்பிள்ளை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான், அப்போதும் விடவில்லை.

தங்கை அவர் கையைப் பிடித்து எடுத்துவிட்டாள்.

"போதும்ணா. வீட்டுக்குப் போலாம்."