முன் சீட்டுக்கு அடியில்

ஹெக்டர் துறைமுகத்தில் மேற்பார்வைப் போர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கைக்குள் அவர் கருத்துச் சொல்லாத விடயம் கிடையாது. பாப்பரசர் தெரிவிலிருந்து அயலவரின் இரத்த அழுத்தம்வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் இறுதி முடிவு இருந்தது. பக்கத்து வீட்டு மெல்ரோயின் வான் மறுபடியும் ஸ்டார்ட் ஆகாமல் நின்ற காலையில், அவர் சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"எலி," என்றார்.

மெல்ரோய் முன் சீட்டைத் தூக்கிவிட்டு அதற்கு அடியிலிருந்த எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தான். "எலி கடிச்சா வயர் அறும் அங்கிள். இது கழட்டி வச்சிருக்கு."

"துறைமுகத்து எலிய நீ கண்டதில்ல மகன்."

"ஹோஸ் கிளிப்ப ஸ்க்ரூட்ரைவரால தளர்த்தி, துணியால துடைச்சு, பக்கத்தில வச்சிட்டுப் போற எலியா?"

ஹெக்டர் சற்று யோசித்தார். கிட்டத்தட்ட அப்படிப்பட்ட ஒன்றை ஒரு கிரேக்கக் கப்பலில் கண்டதாகச் சொன்னார்.

வான் வெள்ளவத்தையிலிருந்து வந்தது. ஓய்வு பெற்ற கணக்காளர் பாலசுந்தரம் விற்றது. வெள்ளை நிறம், கறுப்புக் கண்ணாடி. யுத்த காலத்தில் ஆட்களைக் கடத்திப்போன வான்களுக்கு இருந்த அந்த இரண்டும் சேர்ந்த வானை ஓட்ட அவருக்குக் கடைசிவரை துணிவு வரவில்லை. வேறு நிறம் அடித்தால் விலை குறைந்துவிடும் என்று அதற்கும் மனம் வரவில்லை. விலையைக் காப்பாற்றுவதற்காக, டயரில் வெடிப்பு விழும்வரை மூடியே வைத்திருந்து பாதி விலைக்குக் கொடுத்தார்.

வேலை போயிருந்த மெல்ரோய்க்கு அது வாய்ப்பாகப் பட்டது. திங்கட்கிழமை பள்ளித் தவணை தொடங்குகிறது. பம்பலப்பிட்டிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதாகப் பெற்றோரிடம் பேசிவைத்திருந்தான். அன்று காலை வான் நகராவிட்டால் அவர்கள் வேறு வான் பார்த்துக்கொள்வார்கள். அவனுக்குப் பார்த்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

ஆனால் மாலையில் பூட்டினால் காலையில் கழன்றிருந்தது. டீசல் பம்புக்குப் போகும் ஒற்றை வயர் ஒரு பக்கம், ஹோஸ் ஒரு பக்கம். சனிக்கிழமை ஹெக்டர் தன் ஆராய்ச்சியை எலியிலிருந்து ஆவிக்கு உயர்த்தினார். அந்தோனியார் கோயில் தீர்த்தத்தைக் கொண்டுவந்து, நீண்ட செபம் சொல்லி, மிச்சத்தை ரேடியேட்டருக்குள் ஊற்றும்படி போத்தலை மெல்ரோயிடம் நீட்டினார். ரேடியேட்டரில் தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. அவர் செய்த உதவிகளில் உருப்படியானது அதுதான்.

ஒன்றை மட்டும் மெல்ரோய் கவனித்தான். இவ்வளவு பேசும் மனிதர் எஞ்சினில் ஒரு விரலும் வைக்கவில்லை. போத்தலைக் கொடுத்ததும் கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபின் மனைவி மாக்ரெட் தேநீர் கொடுத்தாள். வான் வந்த நாளிலிருந்து அவள் வாசல் பக்க ஜன்னலைத் திறப்பதில்லை. கோப்பையின் பிடியில் டீசல் மணந்தது. மெல்ரோய் அவள் கையை எடுத்து முகர்ந்தான். சவர்க்காரத்துக்கு அடியிலும் அதே மணம்.

"நீயா?"

"ஓம்."

"நாளைக்குப் பிள்ளைகள் வருவாங்க மாக்ரெட். இந்த ஹயரும் போனா என்னத்தச் சாப்பிடுறது?"

அவள் உட்கார்ந்தாள். "அண்ணாவ ஏத்தின வானும் இப்பிடித்தான் நிண்டது."

அவள் அண்ணன் வலன்ரைன் யுத்தம் முடிகிற காலத்தில், பட்டப்பகலில் பாண் வாங்கப் போய்த் திரும்பாதவன். முகத்துவாரத்திலிருந்து பிற்பாடு மாப்பிள்ளையாக வந்த மெல்ரோய்க்கு அவ்வளவுதான் தெரியும்.

"கடையடியில ஏத்தினவங்க. அது அடுத்த நாள் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். அண்டைக்கு நான் ஜன்னலால பாக்கிறன், ஒரு வெள்ளை வான் எங்கட வாசல்ல நிண்டு போச்சு. வயர் கழண்டிருக்கு. இறங்கினவங்க சிங்களத்தில மரியாதையாத்தான் கேட்டாங்க. ஹெக்டர் அங்கிள் ஓடிப் போய் சீட்டத் தூக்கிப் பூட்டிக் குடுத்தார். மற்ற ஆக்கள் தள்ளி விட்டாங்க. உள்ளுக்கு ஆர் இருக்கெண்டு ஒருத்தரும் பாக்கேல்ல. நானும்தான்."

மெல்ரோய் தேநீரைக் கீழே வைத்தான்.

"கொஞ்ச நேரம் நிண்டது மெல்ரோய். அண்ணா உள்ளுக்கு இருக்க, எங்கட வாசல்ல. இது பூட்டி, போறதுக்கு ரெடியா நிண்டா எனக்குக் கண் மூட ஏலாது."

திங்கள் காலை பிள்ளைகள் பைகளோடு ஏறினார்கள். மெல்ரோய் சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் சுழன்றது, எஞ்சின் பிடிக்கவில்லை. இறங்கி சீட்டைத் தூக்கினான். இரவு அவன் பூட்டிய வயரும் ஹோஸும் துடைக்கப்பட்டு, பக்கத்தில் கிடந்தன. ஹெக்டர் அதற்குள் பெற்றோருக்கு டீசல் எஞ்சினின் வரலாற்றை ஆரம்பித்திருந்தார். மாக்ரெட் வெளியே வந்தாள்.

"அங்கிள், நீங்களே பூட்டி விடுங்க."

"எனக்கிப்ப கண் சரியில்ல மகள்."

"அண்டைக்கு நல்லாத் தெரிஞ்சதே."

தேநீர் வேண்டுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.  

ஹெக்டர் எஞ்சினிடம் போகவில்லை. பக்கக் கதவை இழுத்துத் திறந்து தலையை உள்ளே விட்டார். "உன்ர பேர் என்ன?"

"யதுஷா."

"நீ இதில ஏறினது அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மா அந்தா நிக்கிறா."

திரும்பிப் பார்த்து உறுதிப்படுத்தினார். அடுத்த பிள்ளையிடம் போனார். "நீ?"

"கஜீவன்."

"ஆரு ஏத்தி விட்டது?"

ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டார். கடைசிச் சீட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லாத இடத்தையும் குனிந்து பார்த்தார். "பெல் அடிக்கப் போகுது அங்கிள்," என்று ஒரு தகப்பன் முணுமுணுத்தார். ஹெக்டருக்குக் கேட்கவில்லை.

பிறகுதான் முன்னால் வந்தார். முதுகுக்குப் பின்னாலிருந்த கைகள் முன்னுக்கு வந்தன. மெல்ரோய் உதவப் போகவில்லை. ஹோஸைப் பொருத்திக் கிளிப்பை இறுக்கினார். வயரைப் பூட்டினார்.

எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. மெல்ரோய் சீட்டை இறக்கினான். மாக்ரெட் வந்து அதில், அவன் பக்கத்தில், ஏறி உட்கார்ந்தாள்.

வான் அசைந்தபோது ஹெக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். பின்பக்கம் போய், கறுப்புக் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, முகத்தை ஒட்டவைத்து, இன்னொரு முறை உள்ளே பார்த்தார்.