ஆளுக்கொரு சங்கிலி

இரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த நாள் அது. என் வலது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கப்போகிறார்கள், திங்கட்கிழமை, லில்லஹாமர் ஆஸ்பத்திரியில். தவறவிட்டால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். நிற்க முடியாமல்தானே இடுப்பையே மாற்றுகிறேன்!

இந்த மேட்டில் இரண்டே வீடுகள். ஒன்றில் நானும் என் வீட்டுக்காரர் ஓட்வாரும். இன்னொன்றில் அவர் தம்பி டோர்கெய்ரும் அவன் பெண்டாட்டி மார்கித்தும். கீழே பெரிய ரோட்டுக்கு இறங்கும் சரிவு கொஞ்சம் பொல்லாதது. ஞாயிற்றுக்கிழமை பனி மேல் மழை பெய்தது, ராத்திரி உறைந்தது. காலையில் பார்த்தால் சரிவு முழுக்கக் கண்ணாடி. டாக்ஸிக்காரி கீழே தபால் பெட்டிகள் பக்கத்தில் நின்றுகொண்டு போன் பண்ணினாள்.

"தலைகீழா நின்னாலும் மேல வரமாட்டேன். பத்து நிமிஷம் பாப்பேன், அப்புறம் கிளம்பிருவேன்."

எங்கள் மேட்டில் டிராக்டருக்குப் பஞ்சமில்லை. அண்ணனுக்கொன்று, தம்பிக்கொன்று. ஒரே அளவு, ஒரே நிறம், இரண்டும் சின்ன ரகம். பனியில் வழுக்காமலிருக்கப் பின்சக்கரங்களில் சுற்றும் இரும்புச் சங்கிலி மட்டும் பொதுவில் ஒரே ஜோடி. யார் பனி தள்ளுகிறார்களோ அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். போன இலையுதிர்காலம் வரைக்கும் அப்படித்தான் ஓடியது.

அப்புறம் அந்தப் பாழாய்ப்போன மான் வந்தது. வேட்டையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுட்டார்கள், மான் விழுந்தது. என் குண்டுதான் என்று இவர், என் குண்டுதான் என்று அவன். கறியைச் சமமாகப் பிரித்தார்கள். தலையை இவர் எங்கள் வரவேற்பறையில் மாட்டிவிட்டார். டோர்கெய்ருக்கு வந்ததே கோபம்! இனிமேல் பொதுவில் எதுவுமே வேண்டாம் என்றான். ஏணி அவனுக்கு, ரம்பம் இவருக்கு. சங்கிலி ஜோடியில் ஆளுக்கொன்று.

ஆளுக்கொன்று! செருப்பைப் பிரித்துக்கொண்ட மாதிரி.

"ஒண்ணே போதும்," என்றார் ஓட்வார். அதை வலது சக்கரத்தில் மாட்டினார். மேடேறும்போது வலது பக்கம் மட்டும் பிடித்துத் தள்ள, டிராக்டர் இடதுபக்கம் திரும்பிப் பள்ளத்தில் மூக்கைக் குத்தியது. டோர்கெய்ர் அவனுடையதை இடது சக்கரத்தில் மாட்டினான். அது வலதுபக்கம் திரும்பி தபால் பெட்டிகளைச் சாய்த்தது. இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து, "அருமையா பிடிக்குது" என்றார்கள். டிசம்பர் பூராவும் இதே கூத்து.

ஆக, திங்கட்கிழமை காலை. நான் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பையை மடியில் வைத்திருக்கிறேன். முற்றத்தில் இரண்டு டிராக்டர்களும் உறுமுகின்றன. திட்டமெல்லாம் தயார்: பின்னால் கட்டிய மரப்பெட்டியில் என்னை உட்காரவைத்துக் கீழே இறக்குவது. எந்த டிராக்டரில் என்பதில்தான் சிக்கல்.

"உன் சங்கிலிய கழட்டிக் கொடுடா, நான் இறக்கிடறேன்," என்றார் ஓட்வார்.

"நீ கொடு. நான் இறக்கறேன்."

"என் பொண்டாட்டிடா அவ!"

"என் மானுகூடத்தான் உன் வீட்டுச் சுவத்துல தொங்குது."

"உன் மானா? உனக்கு அன்னைக்கு மரத்துக்கும் மானுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"யோவ்! ஆறு நிமிஷம் போச்சு!" என்று கத்தினேன். காதில் விழுந்தால்தானே. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வருஷமாகப் படுக்கையில் புரளமுடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள் நான். செத்த மான் ஒன்று என் இடுப்புக்குக் குறுக்கே நிற்கிறது.

அப்போதுதான் மார்கித் கையுறையை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"குன்வோர், நீ டிராக்டர்ல ஏறி ஓட்டுவியா?"

"ஏறுறேன்டி. சத்தம் மட்டும் போடுவேன்."

அண்ணனும் தம்பியும் மான் சண்டையிலேயே மூழ்கியிருக்க, அவள் தன் புருஷன் டிராக்டரின் சங்கிலியைக் கழற்றி இழுத்துவந்தாள். எங்கள் டிராக்டரின் இடது சக்கரத்துக்குப் பின்னால் நீட்டி விரித்தாள். நான் ஏறினேன். ஏறும்போது என் வாயில் வந்ததைப் பாதிரியார் கேட்டிருந்தால் ஊரைவிட்டே போயிருப்பார். வலது காலால் மிதிக்க முடியாது. இடது காலைக் குறுக்கே போட்டு மிதித்து, சங்கிலி மேல் பின்னால் ஏற்றினேன். மார்கித் இரண்டு முனையையும் சுற்றிக் கொக்கியில் மாட்டினாள். என் பையோடு மரப்பெட்டியில் குதித்து ஏறினாள்.

"விடுடி!"

விட்டேன். ஜல் ஜல் என்று சங்கிலி பனிக்கட்டியைக் கடித்துக்கொண்டு இறங்கியது. இடதும் இல்லை, வலதும் இல்லை. நேராக! எனக்கே ஆச்சரியம்.

பாதிச் சரிவில் பின்னால் கூச்சல். திரும்பிப் பார்த்தேன். அண்ணனும் தம்பியும் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறார்கள். நில் என்று கத்துவார்கள் என்று நினைத்தேன்.

"சங்கிலிய இறுக்கு! கொஞ்ச தூரம் ஓட்டினதும் இறுக்கணும்!" என்று கத்தினார் ஓட்வார்.

"கொக்கி முனை டயரப் பாத்து இருக்கு! வெளிய பாத்து இருக்கணும்!" என்றான் டோர்கெய்ர்.

"ஆமா, ஆமா, வெளிய!" என்றார் ஓட்வார்.

அதற்குள் இரண்டு பேருக்கும் கால் வழுக்கியது. உட்கார்ந்த வாக்கில் எங்களைத் தாண்டி, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, தபால் பெட்டிகள் வரை போனார்கள். டாக்ஸிக்காரி வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தவள், அவர்களைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "இதுல நோயாளி யாரு?" என்று கேட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாரக் கடைசியில் வீடு வந்தேன். நான்கு பேரும் காபியும் வாஃபிள் அப்பமுமாக உட்கார்ந்தோம். சுவரிலிருந்து மான் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டாக்டர் இடது பக்கமும் தேஞ்சு போச்சுன்னார்," என்றேன். "அடுத்த குளிர்காலத்துல அதையும் மாத்தணுமாம்."

ஓட்வார் யோசித்தார். பாவம், மனதில் கெட்ட எண்ணம் கிடையாது.

"ஒண்ணுதான் புதுசா இருக்கே. அது போதாதா?"

மார்கித் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே டிராக்டர், இரண்டு சக்கரத்திலும் சங்கிலியோடு. ஓட்வாரின் காது மெல்லச் சிவந்தது.

டோர்கெய்ர் கோப்பையைக் கீழே வைத்தான். "போதாதுடா," என்றான்.

"போதாதுதான்," என்றார் என் வீட்டுக்காரர்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. கண்கூடக் கலங்கியது.

"ஆனா கொக்கிய மாட்டின விதம் தப்பு," என்றார் ஓட்வார்.

"ரொம்பத் தப்பு," என்றான் தம்பி. "டயர் கிழிஞ்சிருக்கும்."

"இன்னும் ரெண்டு தடவ சுத்தியிருந்தா போயிருக்கும்."

மார்கித் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அடுத்த குளிர்காலம் வரட்டும். அன்றைக்கு இவர்களே சரியாக மாட்டட்டும். நான் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பார்க்கிறேன்.