அம்மா பதில் எழுதாத பக்கம்

மகள் கட்டிலுக்கு அடியிலிருந்து நான்காவது அட்டைப்பெட்டியை இழுத்தபோது மேலே படுத்திருந்த அப்பாவின் மூச்சு ஒருமுறை தடுக்கியது. அடுத்த மூச்சு வரும்வரை கையை நிறுத்தியிருந்து, பிறகு மெதுவாக இழுத்தாள்.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து முப்பது வருஷம் வானொலி நாடகம் எழுதியவர்கள். ஆண்கள் பேசுவதெல்லாம் அப்பா. பெண்கள் பேசுவதெல்லாம் அம்மா. அந்த நாடகங்களை எழுதிய காகிதங்களை வாங்கிப்போக ஆவணக் காப்பக அலுவலர் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. டாக்டரோ நேற்றே கைவிரித்துவிட்டார்.

"இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிடவாம்மா?"

"வரட்டும். உங்கப்பா கையெழுத்துப் போட்டுக் குடுத்த வாக்கு."

பெட்டியில் நாடாவால் கட்டிய ஒரு கோப்பு இருந்தது. அம்மா அதன்மேல் கை வைத்தாள்.

"இது மட்டும் வேண்டாம். இது நாடகம் இல்ல, எங்க சண்டை."

மகள் பிறக்கும் முன்பு நடந்தது அது. வானொலி நிலையத்தில் அம்மாவுக்குக் கிடைத்த வேலையை, அவளைக் கேட்காமலே வேண்டாமென்று எழுதி அனுப்பிவிட்டார் அப்பா. எட்டு மாதம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் வாராவாரம் நாடகம் போயாக வேண்டும். கணவன் பேசுவதை எழுதி அப்பா மேஜையில் வைப்பார். மனைவி பேசுவதை எழுதி அம்மா அதன்மேல் வைப்பாள். ஊரே உட்கார்ந்து ரசித்துக் கேட்ட சண்டை.

மகள் நாடாவை அவிழ்த்து, அப்பாவின் வரிகளை மட்டும் அவர் காதருகே படித்தாள்.

"'உப்பில்லாமல் சாப்பிட்டு எழுந்தேன். நீ கவனிக்கவில்லை.'"

"'கவனித்தேன். உப்புப் போடாதவளே நான்தானே?'" என்றாள் அம்மா, காகிதத்தைப் பார்க்காமலே.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் அப்பாவின் எழுத்து மட்டும் இருந்தது.

"'உன்னைக் கேட்டிருக்க வேண்டும். இன்னும் கோபமா?'"

அதன் கீழே வெற்றுத்தாள். அந்த வாரம் கதவு சாத்தும் சத்தத்தோடு நாடகத்தை முடித்திருந்தார்கள்.

அம்மா பஞ்சை நனைத்து அவர் உதட்டை ஈரப்படுத்தினாள்.

"இதைப் படிச்ச அன்னிக்கே போயிடுச்சு," என்றாள் அவரிடம். "மறுநாளே பேசிட்டேன்ல. இதுக்கு மட்டும் பதில் சொல்லல. கொஞ்சம் தவிக்கட்டும்னு விட்டேன். அப்படியே நாப்பது வருஷம் ஓடிப்போச்சு."

அப்பாவுக்குக் கேட்டதோ இல்லையோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பத்தரைக்கு மேல் மூச்சுக்கு மூச்சு இடைவெளி நீண்டது. ஒன்றுக்கு அடுத்தது வரவேயில்லை. அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மடங்கியிருந்த அவர் சட்டைக் காலரை நீவிவிட்டாள்.

அலுவலர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அறை வாசலிலேயே புரிந்துகொண்டு, "இன்னொரு நாள் வர்றேம்மா," என்று பின்வாங்கினார்.

"வந்தது வந்துட்டீங்க. எடுத்துட்டுப் போங்க."

மகள் கையிலிருந்த கோப்போடு தயங்கி நின்றாள்.

"அதையும் வை," என்றாள் அம்மா. "நாடாவ நல்லா இறுக்கிக் கட்டு."

மாடியிலிருந்து இறங்குவது மரப்படி, நடந்தால் வீடெல்லாம் அதிரும். அலுவலர் நான்கு தடவை வெறுங்காலோடு ஏறி இறங்கினார். கடைசித் தடவை பெட்டியை இடுப்பில் அணைத்து, கழற்றி வைத்த காலணிகளை மறுகையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பாதத்தை ஊன்றி இறங்கிப் போனார்.